கண்ணிவெடியில் கால் இழந்தவர் ஷட்டில் ஆடலாமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். வயது 42. ஐந்து வருடங்களுக்கு முன்பு காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடி வெடித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு நன்றாக நடக்கிறார், வண்டி ஓட்டுகிறார். ஆனால் ஆள் பழைய ஆளாக இல்லை. ராத்திரி தூக்கம் கிடையாது. குக்கர் விசில் அடித்தால்கூட உடம்பு தூக்கிப்போடுகிறது. கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் வருவதில்லை. ஒன்பதாவது படிக்கும் மகன் பள்ளியில் ஷட்டில் ஆடுகிறான். ஒரு நாள் அவன் கூப்பிட்டபோது பேட்டை வாங்கி நாலு சுழற்று சுழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரு நப்பாசை. வீட்டு முன்னால் காரை போட்ட களம் இருக்கிறது. ஆடினால் காலுக்கு ஏதாவது ஆகுமா? மனசுக்கு நல்லதா? பக்கத்து ஊரில் முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேரில் இருக்கும் ராணுவத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரையும் சேர்த்துக்கொள்ளலாமா? எப்படி ஆரம்பிப்பது?
– வாசகி, பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக ஆடலாம். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இழந்தவர்களுக்கு ஷட்டில் நன்றாகவே ஒத்துவரும். அந்த அண்ணனையும் சேர்க்கலாம். அதற்குச் செய்ய வேண்டியவை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது, அவர் பேட்டை வாங்கிச் சுழற்றிப் பார்த்தார் என்ற வரிதான். யாரும் வற்புறுத்தாமல் அவராக வாங்கியிருக்கிறார், அவராக வைத்தும் இருக்கிறார். இனிமேலும் அப்படியே நடக்கட்டும். எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவர் சொல்படிதான். இதில் யாராவது கை வைத்தால், எவ்வளவு அன்போடு வைத்தாலும், அவர் விலகிப் போய்விடுவார். வெடிச் சம்பவத்தில் தப்பியவர்களுக்கு உடம்பு தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் போன அந்த ஒரு நொடிதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டம் அவர் கட்டுப்பாட்டில் இருக்கும்போதுதான் அது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் அதிர்வது, கூட்டத்தைத் தவிர்ப்பது – மூன்றும் சேர்ந்து ஐந்து வருடமாக இருந்தால் மனநல மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். பி.டி.எஸ்.டி. (பயங்கரச் சம்பவத்துக்குப் பிறகு தொடரும் மன அதிர்ச்சி) என்று அவர்கள் சொல்லும் பாதிப்பாக இருக்கலாம். அதற்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன, குணம் தெரிகிறது. ஷட்டில் அந்தச் சிகிச்சைக்குத் துணைதான், மாற்று இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக் வழியாகப் போகலாம், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். நேரில் வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே முதலில் கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்கலாம். ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது: சாவைப் பற்றிப் பேசினாலோ, குடி திடீரென்று கூடினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பேட்டும் காக்கும் (அடிக்கும் இறகுப்பந்து) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஷட்டில் ஏன் இவருக்குப் பொருந்துகிறது? நடுவில் நெட் இருக்கிறது. யாரும் மேலே வந்து மோத மாட்டார்கள், பின்னாலிருந்து வர மாட்டார்கள். காக் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் இறகு காற்றைப் பிடித்துக்கொள்வதால் சட்டென்று வேகம் குறைந்துவிடும். பார்த்து, யோசித்து அடிக்க ஒரு கணம் கிடைக்கும். ஒரு ராலி, அதாவது காக் கீழே விழும்வரை மாறி மாறி அடிப்பது, சில நொடிகளில் முடிந்துவிடும், உடனே மூச்சு வாங்க இடைவெளி. காக் காற்றில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் கண்ணும் கையும் அதிலேயே இருப்பதால் மனசு பழைய இடத்துக்கு ஓட நேரம் கிடைப்பதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாத அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசாமல் அரைமணி நேரம் சேர்ந்து இருக்கவும் இது வழி கொடுக்கிறது.

இனி காலைப் பார்ப்போம். இதில் அவசரப்பட்டால் ஒரு கொப்புளம் மூன்று வாரம் செயற்கைக் காலையே போடவிடாமல் செய்துவிடும். அப்புறம் வண்டியும் இல்லை, நடையும் இல்லை. ஆரம்பித்த ஆட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

முதல் சோதனை ஷூவில். செயற்கைப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு ஏற்பத்தான் சரிசெய்து கொடுத்திருப்பார்கள். இப்போது போடும் செருப்பையோ ஷூவையோ விடக் குதிகால் உயரமான ஷூவை மாட்டினால் சாக்கெட் (மிச்சக் காலை நுழைக்கும் கிண்ணம்) முன்பக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கப் பார்க்கும். தட்டையாக இருந்தால் முழங்கால் பின்பக்கம் தள்ளப்படும். நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. பத்து நிமிஷம் ஆடியதும் ஸ்டம்பின் (மிச்சமிருக்கும் காலின்) முன்னெலும்பு நுனியில் எரிய ஆரம்பிக்கும். ஆகவே புது ஷூவின் குதிகால், முன்பாதம் இரண்டின் கனத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து, பழையதோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, உள்ளரங்கத்துக்கென்று விற்கும் ஒட்டும் ரப்பர் அடி வேண்டாம். தரையை அது கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுக்க ஸ்டம்பின் தோலில் இறங்கும். காரைத் தரைக்குக் கொஞ்சம் தேய்ந்த சாதாரண கேன்வாஸ் ஷூவே போதும்.

அடுத்தது வியர்வை. லைனருக்குள் (தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே போடும் மெத்தென்ற உறை) வியர்த்தால் ஸ்டம்ப் வழுக்கும், வழுக்கினால் உராயும். முதல் வாரம் ஒவ்வொரு பத்து நிமிஷ ஆட்டத்துக்கும் ஒருமுறை உட்கார்ந்து காலைக் கழற்றி, பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, லைனரையும் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். கழற்றும்போது மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும்: முன்னெலும்பின் நுனி, முழங்காலுக்கு வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பு, முழங்கால் மடிப்பின் பின்னால் இருக்கும் நரம்புபோன்ற தசைநாண்கள். சிவப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். பத்து நிமிஷத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றாலோ, தோல் பளபளவென்று இறுகினாலோ, கொப்புளம் கண்டாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை அடுத்த ஆட்டமும் இல்லை.

ஆடிக்கொண்டிருக்கும்போது ஸ்டம்ப் கொஞ்சம் இளைக்கும். சாக்கெட்டுக்குள் கால் ஆழமாக இறங்கும், எட்டு வைக்கும்போது மேலும் கீழும் உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அப்போது ஸ்டம்புக்குப் போடும் சாக்ஸில் ஒரு பிளை (கன அளவு) கூடுதலாகப் போட்டால் சரியாகும். பையில் எப்போதும் ஒன்று, மூன்று, ஐந்து பிளை சாக்ஸ் இருக்கட்டும். நம் பக்கத்தில் ஸ்டம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. தடவட்டும், ஆனால் ராத்திரி காலைக் கழற்றிய பிறகு. காலையில் எண்ணெய்ப் பசையோடு லைனர் போட்டால் அது நழுவும். பவுடரும் கொட்ட வேண்டாம். வியர்வையில் உருண்டையாகி மணல்போல் அறுக்கும். லைனரை தினமும் ராத்திரி லேசான சோப்பில் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். புனே ஆர்ட்டிஃபிஷியல் லிம்ப் சென்டரிலோ வேறெங்கோ, கால் எங்கே செய்ததோ அவர்களிடம் ஷட்டில் ஆடப்போவதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாக்கெட் செய்து நாளாகிவிட்டால் அதை முதலில் சரிபார்ப்பார்கள்.

அடியெடுத்து வைக்கும் முறையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அவர் வலது கைக்காரராக இருந்தால், நெட் பக்கம் வரும் காக்கை எடுக்க நீட்டவேண்டியது வலது கால்தான். அது அவருடைய சொந்தக் கால். குதிகால் முதலில் ஊன்றி, முழங்கால் கட்டைவிரலைத் தாண்டாமல் மடங்கி, அதே காலால் தரையைத் தள்ளித் திரும்ப வரலாம். ஆபத்து இருப்பது பின்பக்கம். தலைக்கு மேல் எட்டி அடிக்கும் வலது கைக்காரர் குதித்து உடம்பைத் திருப்பி, இடது காலில்தான் இறங்குவார். அந்த இறக்கத்தில் உடல் எடையும் முறுக்கும் ஒரே நேரத்தில் செயற்கைக் காலில் விழும். ஆகவே அவருக்குக் குதிப்பு கிடையாது, செயற்கைப் பாதத்தின் மேல் சுழல்வதும் கிடையாது. திரும்பவேண்டும் என்றால் நாலைந்து சின்ன எட்டுகளில் திரும்பட்டும். பின்னால் போகும்போது பக்கவாட்டில் நின்று, கால்களைக் குறுக்கே போடாமல் நகர்த்தி நகர்த்திப் போகட்டும். இடது கைக்காரர் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும்; அப்போது இடது காலை நீட்டாமல், முன்னுக்கும் வலது காலையே நீட்டிக் கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எடுக்கப் பழகவேண்டும்.

விழுவதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் முதல் விழுகையோடு பேட் பரணுக்குப் போய்விடும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பேட்டை விட்டுவிட்டு, கையை நீட்டி ஊன்றாமல், பக்கவாட்டில் உருள்வது நல்லது. எழும்போது நாற்காலியைப் பிடித்து வலது காலை ஊன்றி எழட்டும். ஒரு பாயில் இதை நாலு தடவை செய்து பார்த்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பிக்கலாம். விழுந்ததும் நீங்களோ மகனோ ஓடிப்போய்த் தூக்காதீர்கள். 'கை வேணுமா?' என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

களத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கேழ்வரகு காயப்போட்ட களமாக இருந்தால் ஆடும் முன் நன்றாகக் கூட்டுங்கள். நாலே நாலு மணி கிடந்தால்கூட ஷூவின் கீழ் உருளும். நமக்குப் பாதம் அதை உணர்ந்து சட்டென்று சமாளித்துக்கொள்ளும். செயற்கைப் பாதத்துக்கு அந்த உணர்வு இல்லை, சறுக்கிய பிறகுதான் இடுப்புக்குத் தெரியும். காலைப் பனி ஈரமும் அப்படித்தான், உலர்ந்த பிறகு ஆடுங்கள்.

கோர்ட் முழு அளவு 44 அடி நீளம், 20 அடி அகலம். உங்களுக்கு அதில் பாதி அகலம், 10 அடி, போதும். நெட்டுக்கு முதலில் ஒரு கயிறு கட்டினாலே சரி. கம்பத்தில் 5 அடி 1 அங்குலம், நடுவில் 5 அடி. காற்றை வைத்துத் திசையைத் தீர்மானியுங்கள். காற்று பக்கவாட்டில் அடித்தால் காக் விலகிப் போகும், அவர் பக்கவாட்டில் தாவ நேரிடும். ஆகவே கோர்ட்டின் நீளவாட்டில் காற்று ஓடும்படி கயிறு கட்டி, காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து வரும்படி அவரை நிறுத்துங்கள். மகன் அடிப்பது எதிர்க்காற்றில் முன்னாலேயே விழும். அவர் முன்னே வந்து வலது காலை நீட்டி எடுப்பார். மாற்றி நின்றால் ஒவ்வொரு காக்கும் அவரைப் பின்னால் ஓடவைக்கும். ஆனி, ஆடிக் காற்றில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரி ஆட வேண்டாம். உடம்பு சூடேறிப் படுத்தால் ஏற்கனவே வராத தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

நைலான் காக் வாங்குங்கள். இறகுக் காக் காரையில் ஒரு நாள்கூடத் தாங்காது. நைலானில் கார்க்கைச் சுற்றியிருக்கும் பட்டையின் நிறம் வேகத்தைச் சொல்லும்: பச்சை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் காக் வேகமாகப் பறக்கும்; நம் மாவட்ட வெயிலுக்கும் ஆரம்பக்காரருக்கும் பச்சைதான். பேட் 85 கிராமுக்குள், நரம்பு 20 முதல் 22 பவுண்டு இழுவையில் இருக்கட்டும். இறுக்கமாகக் கட்டினால் அதிர்வு முழங்கைக்கு வரும். பள்ளி நாளில் பூப்பந்து ஆடியவராக இருந்தால் அந்தக் கனத்த மட்டையும் கம்பளிப் பந்தும் ஞாபகத்துக்கு வரும். ஷட்டிலை அந்த வலுவில் அடிக்கப் போனால் தோள் பிடித்துக்கொள்ளும். இது மணிக்கட்டு ஆட்டம் என்று மகனே சொல்லிக்கொடுக்கட்டும்.

இதேபோன்ற பயிற்சிகளுக்குப் பலூன் வைத்து ஆரம்பிக்கச் சொல்வது வழக்கம். மெதுவாக வரும், அடிக்க எளிது. உங்கள் வீட்டில் பலூன் வேண்டவே வேண்டாம். காரைத் தரையில் பட்டு வெடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதே காரணத்தால் காக் அடைத்து வரும் புது டியூபின் மூடியை அவர் பக்கத்தில் 'டொப்' என்று திறக்காமல், முன்னாலேயே திறந்து காக்கை எடுத்து வைத்துவிடுங்கள். ஆரம்ப நாட்களில் மகன் ஸ்மாஷ் (மேலிருந்து கீழே ஓங்கி அடிப்பது) அடிக்கக் கூடாது. பிறகு அடிக்கும் காலம் வரும்போதும் 'அடிக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டு அடிக்கட்டும். தகரக் கூரை போட்ட உள்ளரங்கத்தில் அந்தச் சத்தம் எதிரொலித்து இரண்டாக வரும். அங்கே போகும் நாள் வரும்போது ஆள் குறைவான நேரத்தைக் கேட்டு வாங்கி, முதுகுக்குப் பின்னால் சுவரும் கண் பார்வையில் வாசலும் இருக்கும் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். பக்கம் மாறும் விதியைத் தற்காலிகமாக மறந்துவிடலாம்.

இனி நாள் கணக்கு. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஐந்து நிமிஷம் நடை, தோள் சுழற்சி, நாற்காலியைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது. செயற்கைக் கால் பக்கத்து இடுப்புத் தசை பலவீனமாக இருந்தால் உடம்பு அந்தப் பக்கம் சாயும், அதற்காக. பிறகு மூன்று நிமிஷ ஆட்டம், இரண்டு நிமிஷ ஓய்வு, இப்படி நாலு சுற்று. முதல் இரண்டு வாரம் இருவரும் கயிற்றிலிருந்து ஏழெட்டு அடியில் நின்று, கீழிருந்து மேலாக மட்டும் தட்டட்டும். புள்ளி கிடையாது. இருவரும் சேர்ந்து எண்ணவேண்டும்: கீழே விழாமல் பத்து, பிறகு இருபது. எண்ணிக்கை இருவருக்கும் பொது. மூன்றாவது வாரத்தில் தலைக்கு மேலே வரும் காக்கும் சேரலாம். அண்ணாந்து பார்க்கும்போது தலை சுற்றினாலோ, வெளிச்சம் கூசினாலோ, காதில் இரைச்சல் கூடினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வெடியில் கால் போனவருக்குத் தலைக்குள்ளும் உள்காதிலும் அதிர்ச்சி பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஐந்து வருடமாக யாரும் கேட்காமலே விட்டிருக்கலாம்.

கூட்டும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டிய வாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள், தூரத்தைக் கூட்டிய வாரம் வேகத்தைக் கூட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஏற்றினால் எதனால் வலி வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பட்டாளத்தில் இருந்தவர்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு ரவுண்டு என்பார்கள். கடிகாரத்தை மகன் கையில் கொடுங்கள். சுற்று முடிந்ததும் அவன் குரல் கொடுக்கட்டும், விசில் வேண்டாம். ஆடிய அன்று ராத்திரி இல்லாத பாதத்தில் வலியோ அரிப்போ கூடுதலாக வரலாம். ஸ்டம்பை மெதுவாக நீவிவிட்டால் பலருக்கு அடங்கும். அடங்காமல் தொடர்ந்தால் ஆட்ட நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்.

மகனுக்கு இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். அப்பாவுக்காக வேண்டுமென்றே தோற்கக் கூடாது. சிப்பாய்க்கு அது உடனே தெரிந்துவிடும், அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு இல்லை. வேகத்தைக் குறைப்பது வேறு, தோற்றுக்கொடுப்பது வேறு. அடுத்தது, நடு ஆட்டத்தில் அவர் பேட்டை வைத்துவிட்டுப் போய்விட்டால் பின்னால் போய்க் கூப்பிடக் கூடாது, 'என்னாச்சுப்பா' என்றும் கேட்கக் கூடாது. அவன் பாட்டுக்குச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கட்டும். திரும்பி வந்தால் விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். வரவில்லை என்றால் அடுத்த முறை.

உங்களுக்கும் ஒன்று. களத்தின் ஓரத்தில் தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நிற்காதீர்கள். அது அவருக்கு ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும். நீங்களும் ஒரு பேட் எடுங்கள். அடிக்கத் தெரியாது என்பது இங்கே நல்ல தகுதி, ஏனென்றால் அவர் சொல்லித்தருவார். ஐந்து வருடமாக வீட்டில் எல்லோரும் அவரைக் கவனித்துக்கொள்கிறீர்கள். அவர் யாருக்காவது ஒன்றைக் கற்றுத்தரும் இடம் வேறெங்கும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் இந்த ஐந்து வருடம் தூக்கம் இருந்திருக்காது. அந்த 14416 உங்களுக்கும்தான்.

பக்கத்து ஊர் அண்ணன் விஷயத்தில், முதுகுத்தண்டில் எந்த இடத்தில் அடி என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள். மார்புப் பகுதி ஆறாவது எலும்பு அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டிருந்தால், சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, சிறுநீர் போகும் டியூப் மடங்கினாலோ, பெல்ட் இறுக்கினாலோகூட ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறும். தலை பிளக்கும் வலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேல் மட்டும் வியர்ப்பது அதன் அடையாளம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் தளர்த்தி, டியூபை நேராக்கி, சிறுநீரை வெளியேற்றவேண்டும். சில நிமிஷத்தில் குறையவில்லை என்றால் 108. படுக்க வைக்கக் கூடாது. ஆட வரும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு வருவது இதற்காகத்தான். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் உடம்பு தணியாது. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் வைத்து முகம், கைகளில் அடிக்கவும், நிழலில் உட்காரவும் வேண்டும். கால்மணிக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, முன்பக்கம் நன்றாகக் குனிந்து இரண்டு நிமிஷம் இருக்கட்டும். பிட்டத்துக்கு ரத்தம் ஓடவேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். குஷன் இல்லாமல் ஒரு நிமிஷமும் வேண்டாம்.

அவரிடம் இருப்பது ஆஸ்பத்திரி வீல்சேர் என்றால் அண்ணாந்து அடிக்கும்போது அது பின்னால் மல்லாந்துவிடும். வெல்டிங் பட்டறையில் கொடுத்து, பின் சட்டத்திலிருந்து இரண்டு கம்பியை நீட்டி, தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி நுனியில் சின்னச் சக்கரம் வைக்கச் சொல்லுங்கள். பெரிய சக்கரத்துக்குப் பின்னால் அது நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். இரு பக்கமும் கை வைக்கும் கைப்பிடிகளைக் கழற்றிவிட வேண்டும், இடுப்பிலும் தொடையிலும் எலாஸ்டிக் பெல்ட், பாதம் ஃபுட்ரெஸ்டிலிருந்து நழுவாமல் ஒரு பட்டை. முதல் வாரம் காக்கே வேண்டாம். பேட்டை விரல்களில் பிடித்தபடி உள்ளங்கையால் சக்கரத்தை ஒரு தள்ளு முன்னே, ஓர் இழுப்பு பின்னே. வீல்சேர் ஆட்டத்தில் நகர்வு பெரும்பாலும் இந்த முன்னும் பின்னும்தான். போட்டி விதிப்படி வீல்சேர் ஒற்றையர் பாதி அகலக் கோர்ட்டில் நடக்கும். நெட்டிலிருந்து ஆறரை அடி தூரத்துக்குள் விழும் காக் அவுட். அடிக்கும் நொடியில் உடம்பு இருக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், பாதம் ஃபுட்ரெஸ்டில் இருக்கவேண்டும். வீட்டில் ஆடும்போது முதல் மாதம் கயிறை நாலரை அடிக்கு இறக்கிக்கொள்ளலாம். அவரோடு ஆடும் மகன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆடட்டும், ஆட்டம் சரிசமமாகும். அவருடைய தோள்தான் அவருக்குக் காலும் என்பதை மறக்க வேண்டாம். ஆடாத நாட்களில் ரப்பர் பட்டையை இரண்டு கையிலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி பதினைந்து தடவை, மூன்று முறை. தோளில் குத்தல் வந்தால் மேலே எட்டி அடிப்பதை நிறுத்திவிட்டு இடுப்புயர ஆட்டம் மட்டும்.

இது புதிய எண்ணம் ஒன்றும் இல்லை. 1948-ல் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் போரில் காயம்பட்ட 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்ததுதான். நம் ராணுவத்தில் 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் 1972 ஹைடெல்பர்க் பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். ஷட்டில் பாராலிம்பிக்கில் சேர்ந்தது 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். 2024 பாரிஸில் ஓசூர் நித்ய ஸ்ரீ சிவன் உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்.எச்.6 பிரிவில் வெண்கலமும், ரயில் விபத்தில் கால் இழந்த நிதேஷ் குமார் காலில் பாதிப்பு உள்ளவர்கள் நின்று ஆடும் எஸ்.எல்.3 பிரிவில் தங்கமும் வாங்கியதை மகனுக்குக் காட்டுங்கள். உங்கள் கணவரைப்போல ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் பெரும்பாலும் அதைவிடப் பாதிப்பு குறைந்த எஸ்.எல்.4 பிரிவில் வருவார்கள். இதையெல்லாம் அவரிடம் நீங்கள் இப்போதே பேச வேண்டாம். ஆறேழு மாதம் கழித்து அவரே 'போட்டி எங்கே நடக்கும்' என்று கேட்டால் தர்மபுரி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கேட்கவே இல்லை என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வாரம் மூன்று நாள் களத்தில் இருபது எண்ணுகிறார்களா, அதுவே போதும். உங்கள் பக்கத்தில் இன்னும் நாலு படைவீரர் குடும்பம் சேர்ந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லி விளையாட்டரங்கில் ஒரு காலை நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, பிரஷர், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். தூக்கத்துக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைச் சொல்லவேண்டும். சில மாத்திரைகள் உட்கார்ந்து எழும்போது தலை சுற்றவைக்கும், சிலவற்றில் எவ்வளவு ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறாது. நாடியை எண்ணிக்கொண்டிருக்காமல், ஆடும்போது ஒரு வாக்கியம் மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். போகும்போது மாத்திரைச் சீட்டையும், ஆடப்போகும் அந்த ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள்.